நான் தாண்டிப் படித்த வரி

போன பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் மாலை, அண்ணன் மகள் கூடத்தில் உட்கார்ந்து எருக்கம்பூ மாலை கட்டிக்கொண்டிருந்தாள். கொள்ளிடக் கரையிலிருந்து அண்ணன் ஒரு துண்டு நிறையப் பறித்து வந்து அவள் முன்னால் கொட்டியிருந்தார். வெளிறிய ஊதாப் பூக்கள். காம்பிலிருந்து பால் கசிந்து அவள் விரலெல்லாம் பிசுபிசுத்தது. "பால் கையோட கண்ணைத் தொடாதேம்மா" என்று அண்ணன் இரண்டு தடவை சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். மகளின் கண்ணுக்கு அவ்வளவு பயப்படுகிற மனிதருக்கு, அந்தச் செடி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும். பத்து வருஷமாக அந்தப் பூ வீட்டுக்குள் வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவது வழக்கம்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் எங்களுக்குக் குத்தகை வாழைத்தோட்டம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து திருச்சியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமானாலும் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கால் கழுவுவதற்குள் அண்ணி அதை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். "தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?" தீர்வை நோட்டீஸ், உரமூட்டை மேல் ஒட்டிய சீட்டு, மருந்துப் புட்டி, எல்லாம் அதே கேள்விதான். நான் படிப்பேன். சுற்றி நின்று கேட்பார்கள். நான் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

இதில் ஒரு கெட்ட பழக்கம் சின்ன வயதிலேயே எனக்கு ஒட்டிக்கொண்டது. படிக்கும்போது புரியாத இடம் வந்து நான் தயங்கினால், அப்பா முகம் சுருங்கிவிடும். "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்பார். அதனால் புரியாத இடம் வந்தால் குரலை இறக்காமல், மூச்சை நிறுத்தாமல், அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவேன். கேட்கிறவர்களில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. ஒரு தடவைகூட நான் அகப்பட்டதில்லை. அகப்பட்டிருக்க வேண்டும். யாராவது ஒருத்தர் என் காதைப் பிடித்துத் திருகி, "அந்த வரியை ஏன்டா விட்டே?" என்று கேட்டிருக்க வேண்டும்.

அண்ணி வாக்கப்பட்டு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. என்னை வாடா போடா என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போன நாளிலிருந்து 'வாங்க, போங்க' ஆகிவிட்டது. கேலியும் கூடவே வந்தது. "எங்க வீட்டு வக்கீல் வந்துட்டாரு, யாரும் பொய் சொல்லாதீங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லுவார். நாலு பிள்ளைகள். நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், திருச்சி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து மீண்டு வந்தார். அதற்குப் பிறகு வாய்க்காலிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தாலும் மூச்சு வாங்கும். இதயம் பலவீனப்பட்டிருக்கிறது, இனி ஒரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்று அங்கிருந்த லேடி டாக்டர் சொல்லி அனுப்பினார். அதை எப்படித் தடுப்பது என்று அண்ணனைக் கூப்பிட்டு யாரும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷத்தில் அண்ணிக்கு மறுபடியும் தள்ளிப்போனது.

அண்ணனிடம்கூடச் சொல்லாமல் அண்ணி தனியாகப் பஸ் ஏறி அந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று மாலை நான் சைக்கிளை நிறுத்தியபோது அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். உங்க அண்ணன் காதுக்குப் போகக் கூடாது" என்றார். "கலைச்சுடலாம், பயமில்லைன்னு டாக்டரம்மா சொல்லுது. மூணு மாசத்துக்குள்ளன்னா மயக்கம் குடுத்து அரை மணியில சுத்தம் பண்ணிடலாமாம். உசுருக்கு ஆபத்து இருக்கறதால சட்டம் ஒண்ணும் செய்யாதாம். இன்னொரு டாக்டர்கிட்டயும் எழுதி வாங்கணுமாம், வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வான்னுது. நெசமா? சட்டம் ஒண்ணும் செய்யாதா? உங்க ஆபீஸ் புஸ்தகத்துல பார்த்துச் சொல்லுங்க."

மறுநாள் வக்கீல் கோர்ட்டுக்குப் போன பிறகு தண்டனைச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். பிரிவைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததே எனக்குப் பெருமையாக இருந்தது. கருவைக் கலைப்பவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில். கருவில் உயிர் துடிக்கத் தொடங்கியிருந்தால் ஏழு வருஷம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே என்று கீழே ஒரு விளக்கம். இதெல்லாம் எளிய இங்கிலீஷ், புரிந்தது. நடுவில் இரண்டு காற்புள்ளிகளுக்கிடையே ஒரு வரி சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். பிடிபடவில்லை. அகராதி எட்டும் தூரத்தில் இருந்தது. சாயங்காலம் வக்கீலையே கேட்டிருக்கலாம். நம் வீட்டுப் பெண்பிள்ளை விஷயம் என்று வெட்கம். எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்று அதைவிடப் பெரிய வெட்கம். தாண்டிவிட்டேன்.

வீட்டில் அண்ணி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, கோர்ட்டில் பேசுகிற குரலில் சொன்னேன். "கூடாது அண்ணி. மூணு வருஷம் ஜெயில்."

"டாக்டருக்கா?"

"டாக்டருக்கும்தான். செஞ்சுக்கிறவங்களுக்கும்தான். ஆஸ்பத்திரிக்குப் போனாலே போலீசுக்கு எழுதிப் போட்டுடுவாங்க."

கடைசியாகச் சொன்னது புத்தகத்தில் இல்லை. நானே சேர்த்தது. அண்ணி மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். பிறகு சிரித்தார். "நாலு புள்ளைங்களையும் கூடவே ஜெயிலுக்குக் கூட்டிட்டு வரலாம்னு போட்டிருக்கா?" என்றார். நான் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேனா என்றால், ஆமாம், ஒப்புக்கு ஒரு வார்த்தை, "டாக்டரம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டேன். அதற்கு அண்ணி சொன்ன பதில் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை. "அது வாயால சொல்லுது தம்பி. நீங்க அச்சுல பார்த்துச் சொல்றீங்க."

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எங்களுக்குத் தெரியாமலே நடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊரில் ஒரு பெண்பிள்ளை எருக்கங்குச்சி வைத்துக் கலைப்பாளாம், அண்ணி போனார். திரும்பி வந்து வழக்கம்போலச் சோறு வடித்தார், துணி துவைத்தார். மூன்றாம் நாள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. குளிர் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்தார். அண்ணன் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை எடுத்தாலே, "வேணாங்க, வேணாங்க" என்று அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். போலீஸ் வருமே! நான்தானே சொல்லியிருந்தேன். ஐந்தாம் நாள் பேச்சு குழறியது. அன்று காலை ஒரு ஜட்கா வண்டி பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்க அண்ணன் கடைக்கு ஓடியிருந்தார். ஒரு நர்ஸ் அம்மாள், பெட்ஷீட்டைப் பார்த்துவிட்டு, "பண்றதையெல்லாம் பண்ணிட்டு இங்க வந்து படுத்துக்குவீங்க" என்றார். அந்த வாயை நான் மறக்கவில்லை. உள்ளேயிருந்து எடுத்ததை ஒரு பீங்கான் தட்டில் வைத்து லேடி டாக்டர் என்னிடம் காட்டினார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு எருக்கங்குச்சித் துண்டு. சுடுதண்ணீரில் கொதித்த கருவியும் வெள்ளைத் துணி போட்ட மேஜையும் மயக்க மருந்தும் பத்து அடி தூரத்தில் இருந்தன. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே பெண். மூன்று வாரம் முந்தி வந்திருந்தால் மறுநாள் பஸ்ஸிலேயே வீடு திரும்பியிருப்பார்.

டாக்டர் கோபத்தில் அண்ணியிடமே கேட்டார். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, மத்ததை நான் பார்த்துக்கிறேன்னு சொன்னேனா இல்லையா? ஏம்மா வரலை?"

அண்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தார் வெட்டு சமயம் டாக்டரம்மா. வர முடியல" என்றார்.

மறுநாள் மதியம் உயிர் போயிற்று. இருபத்தேழு வயது. டாக்டர், போலீசுக்கு எழுத வேண்டியதை எழுதாமல், தானாகக் கலைந்து விஷஜுரம் கண்டது என்று போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அண்ணன் என்னிடம் நீட்டினார். "என்ன போட்டிருக்கு?" நான் படித்தேன். "ஜுரம்னு போட்டிருக்குண்ணே." அதிலும் ஒரு வார்த்தையைத் தாண்டிவிட்டேன். இந்தத் தடவை புரியாமல் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஆபீஸ் போன முதல் நாள், அதே புத்தகத்தையும் அகராதியையும் எடுத்து வைத்துக்கொண்டு அந்த வரியோடு உட்கார்ந்தேன். பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் பொருட்டு நல்லெண்ணத்தோடு செய்ததாக இருந்தால் அது குற்றமல்ல. இவ்வளவுதான் அந்த வரி. சட்டம் முழுதும் அண்ணிக்கு எதிராக நின்றபோது, அவருக்காக நின்ற ஒரே வரி. அதைத்தான் நான் தாண்டியிருந்தேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் ஆனது.

என் மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிட்டேன். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இந்தச் சட்டத்தைத் தளர்த்தலாமா என்று டெல்லியில் ஆலோசிக்கிறார்களாம், ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் போனேன். ஒருவர், சட்டம் தளர்ந்தால் பெண்கள் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார். கைதட்டினார்கள். இன்னொருவர், ஜனத்தொகை பெருகுகிறது, தளர்த்தத்தான் வேண்டும் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். ஒருவருக்குப் பெண் என்றால் ஒழுக்கம், மற்றவருக்குப் பெண் என்றால் எண்ணிக்கை. மூச்சு வாங்குகிற ஒருத்தி, நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தன் உயிருக்கு வழி தேடி பஸ் ஏறிப் போனாள் என்று அந்த மேடையில் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. ஒழுக்கமாம்! என் அண்ணியின் ஒழுக்கத்தில் குறை சொல்ல இவர்கள் யார்? இருக்கிற சட்டத்தை, சாதாரண மனுஷிக்குப் புரிகிற தமிழில், ஆஸ்பத்திரிச் சுவரில் நாலு வரி எழுதிப் போட இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்குத் தோன்றவில்லையே! எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தனாகக் கலைந்து வந்தேன்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வாரம்தான் சதுர்த்தி. எருக்கம்பூ வந்து கொட்டிக் கிடந்தும் நான் வெளியே போகவில்லை. அண்ணன் மகள் இப்போது எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். பூவைக் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"சித்தப்பா, இந்தப் பூ வந்தாலே நீங்க ஏன் எந்திரிச்சுப் போயிடுறீங்க? அம்மா எதுல செத்தாங்க, நெசமாச் சொல்லுங்க."

ஜுரம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு உள்ளே போய் அந்தப் பிரிவை நான் பிரதி எடுத்து வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படித்தாள். அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "இது புரியல சித்தப்பா" என்றாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அந்த வரிக்கு அர்த்தம் சொன்னேன். குச்சியைச் சொன்னேன், அந்தச் சாயங்காலத்தைச் சொன்னேன், கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்ததைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அப்போ அம்மா அந்த டாக்டர்கிட்டப் போயிருக்கலாமா?"

"போயிருக்கலாம்."

"புரியலைன்னா புரியலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவள் மடியிலிருந்த பூவையெல்லாம் தரையில் உதறிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். பாதி கட்டிய மாலை வாழைநாரோடு அப்படியே கிடந்தது. வெளியே அண்ணன் கால் கழுவுகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து சிதறிக் கிடந்த பூவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். குனிந்து தாளை எடுத்து, எப்போதும் போல என்னிடம் நீட்டினார்.

"என்ன தம்பி போட்டிருக்கு இதுல?"

வாங்கி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.