வெறும் வயிறு என்று சொன்னேன்

அப்போது எனக்குப் பதினொரு வயது. நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் அது வருகிறதா என்று ஆராய்ச்சி செய்யச் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா நாங்கள் குடியிருந்த பிளாக்குக்கு வந்திருந்தார். பிள்ளைகளைக் காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொன்னார்கள். ஆராய்ச்சி என்றால் அப்பாவுக்குப் பெரிய மரியாதை. முதல் ஆளாக என் பெயரைக் கொடுத்தார்.

முந்தின நாள் பண்ருட்டி அத்தை கொண்டுவந்த பலாச்சுளைகள் சமையலறையில் இருந்தன. அம்மா குளிக்கப் போன நேரத்தில் ஒன்றை எடுத்தேன். ஒன்றோடு நிறுத்த முடிகிற பழமா அது? ஏழெட்டு ஆனது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அப்பாவின் வண்டியில் ஏறினேன்.

"காலையில ஒண்ணும் சாப்பிடலையேம்மா?" என்றார் டாக்டரம்மா.

"தண்ணிகூடக் குடிக்கல." கேட்காததற்கும் சேர்த்துப் பொய் சொன்னேன்.

விரலில் குத்திக் கருவியைப் பார்த்தவர் அப்பாவைத் தனியே அழைத்தார். சர்க்கரை அதிகம் காட்டுகிறது, அடுத்த வாரம் கையில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், அதுவரை பயப்படாதீர்கள் என்றார்.

வீட்டிலிருந்த சர்க்கரை டப்பா அன்றைக்கே மறைந்தது. தம்பி பாலைத் துப்பினான். எப்போதும் எங்கள் எதிரிலேயே, "கொசு கடிக்குது பாரு" என்று சிரித்தபடி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிற அப்பா, அந்த வாரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பலாப்பழ விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நடுங்கினேன்.

ஒரு சாயங்காலம் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "என் ரத்தம்தான அவளுக்கும். நான்தான் குடுத்துட்டேன்."

"விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் அம்மா.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்குத் தெரியவில்லை! வெளியே விளையாட ஓடினேன்.

இரண்டாம் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. "அன்னைக்கு ஏதாவது சாப்பிட்டியா? சொல்லு, திட்ட மாட்டேன்" என்று டாக்டரம்மா அப்பாவின் எதிரிலேயே கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். டாக்டரம்மா என்னை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சி நோட்டில் என் பெயர் இருந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்றுவரை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அப்பா வண்டியை நிறுத்தி, ஒரு குழாயடியில் குனிந்து வெகுநேரம் முகம் கழுவினார். தோள்கள் குலுங்கின. கண்ணில் நிலக்கரித் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வண்டியில் காலாட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.