தங்கராஜுக்காக ஜெபிக்க முடியாத நாட்கள்

1964 மார்ச் மாதம் என் டைரியில் இப்படி இருக்கிறது: "பகல் ஷிப்டில் பதினோரு முறை சிறுநீர். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. முதுகில் வலி." எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, சுரங்கத்தில் நிரந்தர வேலை. மனைவியிடம்கூடச் சொல்ல வெட்கம்.

சபையில் என் பக்கத்தில் உட்காரும் தம்பி தங்கராஜுக்கும் இதே தொந்தரவு. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. "மைன்ஸ் சூடுண்ணே. வெந்தயத்த ஊறவச்சுக் குடிச்சிகினு இருங்க, சரியாப்பூடும்" என்றார். நாலு மாதம் இருவரும் வெந்தயம் குடித்தோம். டாக்டரிடம் போகவில்லை.

ஜூலையில் எனக்குச் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டது; ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்தார்கள். பயந்துபோய் இருவருமே சென்னைக்குப் போனோம். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி உண்டு என்று டாக்டர் விளக்கினார். தங்கராஜுக்கு அது வெறும் வீக்கம். எனக்குப் புற்றுநோய், எலும்புவரை போய்விட்டது. நோயை வளர்ப்பது ஆண் விதைகளில் சுரப்பதுதான், அவற்றை எடுத்தால் நோய் அடங்கும் என்றார். எடுத்தார்கள்.

தங்கராஜ் சிகிச்சை முடிந்து சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார். மாலையில் மனைவியை சைக்கிள் கேரியரில் வைத்து என் குவார்ட்டர்ஸைத் தாண்டிப் போவார். நான் ஜன்னலருகே இருந்து பார்ப்பேன். அந்த ஆபரேஷனால் உடம்பு திடீரென்று கொதித்து வேர்க்கும். ஆண்மை போய்விட்டது. மனைவி பக்கத்தில் வந்தாலே கூசினேன். "ஆண்டவரே, அவனுக்கு ஏன் இந்த நோய் இல்லை?" என்று கேட்டேன். தங்கராஜின் சுகத்துக்காகச் சபை நன்றி செலுத்தியபோது என் வாயில் ஆமென் வரவில்லை. அவருக்கும் என்னைப்போல அடைக்கட்டும் என்று ஒருநாள் நினைத்தேன். அதை டைரியில் எழுதினேன். எழுதியதைப் படித்ததும் டைரியை மூடிவிட்டு முழங்காலில் நின்றேன்.

அன்றுமுதல் சுகம் கேட்கவில்லை. இந்தப் பொறாமையை எடுத்துப்போடும் என்று மட்டும் கேட்டேன். டிசம்பரில் தங்கராஜையே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இன்னாண்ணே, எரியறது நான் மட்டும்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்! ஒரே நாள்ல வேலை கேட்டுப் போனோம். நீங்க பர்மனென்ட், நான் இன்னும் கான்ட்ராக்ட். உங்க பக்கத்துல குந்திகினு ஸ்தோத்திரம் சொல்லச் சொல்ல வயிறு பத்திகினு கெடக்கும்ணே."

சிரித்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அவர் கையைப் பிடித்து, அவர் வேலை நிரந்தரமாக வேண்டுமென்று ஜெபித்தேன். வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. கேட்டது கிடைத்துவிட்டது என்று அப்போது தெரிந்தது.

இது 1967. முதுகுவலி இல்லை. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். மனைவியோடு நடந்தே ஆராதனைக்கு வருகிறேன். சகோதரர்களே, சிறுநீரில் தடை தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். மனதில் யார்மேலாவது எரிச்சல் இருந்தால் அதை ஆண்டவரிடம் உள்ளபடியே சொல்லுங்கள். நான் எவ்வளவு கேவலமானதைச் சொன்னேன்! அவர் முகம் திருப்பவில்லை.