இரண்டு அங்குலம் கூட

உதட்டில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கதைக்கத் தெரிந்தவர் அஸ்ரியா. கரைத்தீவில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைக்க வேண்டுமென்றால் அவரிடந்தான் போக வேண்டும். பிள்ளையைச் சுழற்றிச் சுழற்றி அளப்பார். கொப்பியில் எழுதும்போது மட்டும் எல்லா அளவிலும் இரண்டு அங்குலம் கூடிவிடும். தாய்மார் முணுமுணுத்தால் ஊசிகளுக்கிடையிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "வளர்ற புள்ள மா. மடிச்சித் தச்சிவிடுறன், பொறகு அவுத்துக்கலாம்."

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரைவிட்டு விரட்டியபோது அவருக்கு ஆறு வயது. உடுத்து வந்த ஒரே கவுனை, ஓரத்து மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து, முகாமில் மூன்று வருடம் போட்டார். அந்த மடிப்புத்தான் மானத்தைக் காத்தது என்று இன்றும் நம்புகிறார். அவரோடு யார் வாதாடுவது?

ரைபிள் விசயத்திலும் அதே கதைதான். பதின்மூன்று வயது மகள் நிஸ்ரின் பாலாவியில் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் இந்த வருடந்தான் சேர்ந்தாள். எயார் ரைபிளைக் கழகமே கொடுக்கும். ஆனால் போட்டிக்குப் பெயர் பதியும் நாளில் கையில் எது இருக்கிறதோ, வருடம் முழுக்க அதுதான். மேசையில் இரண்டு கிடந்தன. ஒன்று நீளம், நல்ல பாரம், பெரியவர்கள் சுடுவது. மற்றது குட்டை, இலேசு.

"சின்னது சரியா இருக்கும் அக்கா" என்றார் பயிற்சி கொடுக்கும் டிலுக்ஷி.

"அடுத்த வருசம் பத்தாமப் போயிரும் மிஸ். வளர்ற புள்ள. பெரிசையே குடுங்க."

"சரி, ரெண்டு கிழமை பாப்பம்."

அந்த இரண்டு கிழமையும் நிஸ்ரின் சுட்டதெல்லாம் இலக்கு அட்டையின் நாலா பக்கமும் சிதறியது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்கு இது சரி வராது உம்மா. நான் நிப்பாட்டுறன்."

அஸ்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் நாள் சுட்ட அட்டையை அலுமாரிக் கதவில் ஒட்டி, போகவர அதைப் பார்த்துச் சிரித்த பிள்ளை இது.

பெயர் பதியும் சனிக்கிழமை, தையலை அப்படியே போட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறினார். கழுத்தில் அளவு நாடா தொங்குவதைப் பாலாவியில் இறங்கும்போதுதான் கண்டார்.

கழகத்தில் உப்பளத்துக் காற்றுக்கு யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். அஸ்ரியா மகளுக்குப் பின்னால் நின்றார். அவருக்கு ரைபிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் முதுகைப் பற்றித் தெரியும். ரைபிளைத் தூக்கியதும் பிள்ளையின் இடுப்பு வளைந்தது, ஒரு தோள் ஏறியது, கழுத்து முன்னுக்கு நீண்டது. சுடும்போது போட உம்மா தைத்துக் கொடுத்த கோட்டின் தடித்த கைமடிப்பு வேறு மணிக்கட்டில் இடித்தது. பொருந்தாத சட்டைக்குள் ஆள் இப்படித்தான் கோணிக்கொண்டு நிற்கும்.

"இது இவட அளவில்ல" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

டிலுக்ஷி சின்ன ரைபிளைக் கொண்டுவந்தார். தோளில் வைக்கும் கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் தானாக விசையைத் தொட வேண்டும் என்று காட்டினார். நிஸ்ரினின் விரல் தொட்டது. அஸ்ரியா நாடாவை எடுத்து இரண்டு கட்டைகளையும் அளந்தார். பெரியதில் சரியாக இரண்டு அங்குலம் கூட.

"ரைபிள மடிச்சித் தைக்க ஏலாதே மிஸ்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நிஸ்ரின் சின்னதைத் தூக்கினாள். முதுகு நேரானது. சுட்ட ஐந்தில் நான்கு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. அந்த ரைபிளோடுதான் அவளுடைய பெயரைப் பதிந்தார்கள்.

அன்று பின்னேரம் வீட்டில் மகளின் கோட்டை மெசின் மேல் விரித்து, கைமடிப்பின் தையலைப் பிரித்தார் அஸ்ரியா. உள்ளே மடிந்து கிடந்த இரண்டு அங்குலத் துணி வெளியே வந்தது.

"என்ன உம்மா, அவுக்கிறீங்க? நான் இன்னும் வளரல்லியே" என்றாள் நிஸ்ரின்.

அஸ்ரியா வாயிலிருந்த ஊசிகளை எடுத்து வைத்தார். மகளின் கையை மணிக்கட்டுவரை ஒருமுறை அளந்து, சோக்கால் கோடு போட்டு, பெரிய கத்தரிக்கோலை எடுத்து அந்த இரண்டு அங்குலத்தையும் வெட்டிப் போட்டார்.