கோலத்தில் சொட்டிய ஆயில்

"கெட்டி ஆயிலா ஊத்திடலாம்மா, ஒழுகறது நின்னுடும்," என்றார் என் காரைப் பார்த்த மெக்கானிக். திறந்த டப்பாவின் வாசனை என்னை, சின்ன வயதில் நாங்கள் இருந்த செவிலிமேட்டு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே அப்பா சொந்தமாக வைத்து ஓட்டிய பழைய வாடகைக் கார் தினமும் ஒரு கறுப்புக் கறை விடும். மார்கழியில் ஒருநாள், "உன் காரால என் கோலமே அசிங்கமா இருக்குதுப்பா!" என்று கத்தினேன்.

"நாளையிலேர்ந்து சொட்டாதும்மா," என்றார் அப்பா. அந்த இன்ஜினுக்கு ஆகாது என்று தெரிந்தும் கெட்டி ஆயிலை ஊற்றினார். சொட்டுவது நின்றது. தை பிறந்ததும், கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்களை ஏற்றிப் போனபோது நடுவழியில் இன்ஜின் ஜாமானது. அதைச் சரிசெய்யப் பணமில்லாமல், அதன்பின் கடைசிவரை அடுத்தவர் காரைத்தான் ஓட்டினார். வாசல் சுத்தமாகக் கிடந்தது. கோலம் போட எனக்குத்தான் மனசு வரவில்லை.

"எப்பவும் ஊத்தற ஆயிலே ஊத்துங்கண்ணா," என்றேன். "ஒழுகினா ஒழுகட்டும்."