மில்லிமீட்டர் அக்கா தலையில் விழுந்த வறட்சி

உங்கள் மகள் எழுதிய கதையைச் சாட்சியாகக் காட்டி உங்களை வீட்டைவிட்டு விரட்டினால் என்ன செய்வீர்கள்?

எங்கள் தெருக்கோடி வீட்டில் பத்தொன்பது ஆண்டுகளாக மழை அளக்கும் பெண் ஒருவர் இருக்கிறார். வானிலை அலுவலகம் கொடுத்த மழைமானி அவர் முற்றத்தில் நிற்கிறது; பார்வைக்குப் புனல் வைத்த சின்னத் தகர டிரம். காலை எட்டரைக்கு அதைத் திறந்து, விழுந்த நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து எழுதி அனுப்புவார். காய்ச்சலிலும் எழுதினார். கணவர் இறந்த மறுநாளும் எழுதினார். ‘மில்லிமீட்டர் அக்கா’ என்று தெரு கேலியாகக் கூப்பிட்டால் சிரித்தபடி திரும்பிப் பார்ப்பார்.

பதினொரு மாதமாக மழை இல்லை. பதினொரு மாதமும் பூஜ்யம் எழுதினார்.

அவருடைய மகளுக்கு வயது பதினேழு. மூன்று நோட்டுகளில் அவள் ஒரு நாவல் எழுதினாள். நான்கு சூனியக்காரிகள், ஆளுக்கொரு பருவம். அதில் மழைக்காரி ஊரோடு கோபித்துக்கொண்டு மழையைத் தகர டிரம்மில் போட்டுப் பூட்டிவிடுகிறாள். முற்றத்தில் கண்டதைப் பிள்ளை கதையில் வைத்தாள். எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். கடைசியில் மழைக்காரி தன் உயிரைக் கொடுத்துப் பூட்டைத் திறக்கிறாள்.

அந்த முடிவுவரை யாரும் படிக்கவில்லை. எங்கள் தெருத் தையற்கடைக்காரம்மாவின் மகள் படிக்க வாங்கிப்போன நோட்டு, தாய் கைக்கும் பிறகு தெருச் சங்கச் செயலாளர் கைக்கும் போனது. அவர் பட்டதாரி. பூட்டும் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு இருபது பேரைக் கூட்டி வந்தார்.

“பெத்த பொண்ணே எழுதிக் குடுத்திருக்கா. இதுக்கு மேல என்னம்மா சாட்சி?”

“அது கதைங்க,” என்ற அக்கா மழைமானியைத் திறந்து காட்டினார். “ஒரு சொட்டு இல்ல, பாத்துக்குங்க.”

“அப்போ வேற எங்க ஒளிச்சு வெச்சிருக்க?” என்று கேட்டார் தையற்கடைக்காரம்மா. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் சிரித்திருந்தாலும் அன்றே முடிந்திருக்கும்.

ஞாயிறு பத்து மணிக்குள் காலி செய்யாவிட்டால் சாமான்களைத் தாங்களே தூக்கிப்போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில், பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகள் மிச்சமிருந்த இரண்டு நோட்டுகளையும் எரித்தாள். குற்றமில்லை என்றால் ஏன் எரித்தாள் என்று தெரு கேட்டது.

மறுநாள் அவள் தனியாகச் சங்க அறைக்குப் போனாள். “நான்தாங்க சூனியக்காரி. மழையப் பூட்டினது நான்தான். எங்கம்மாவ விட்டுடுங்க, நான் போயிடுறேன்.”

செயலாளர் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இருவரும் போக வேண்டும் என்றார்.

வீடு திரும்பியவளிடம் அக்கா கேட்டார்: “ஏண்டி அப்படிச் சொன்ன?”

“உண்மையச் சொன்னப்ப யாரும்மா கேட்டாங்க?”

அன்றிலிருந்து அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். கையை விட்டால் கிளம்பிவிடுவாள் என்ற பயம்.

தெருமுனைத் தண்ணீர்க் கம்பெனி நிலத்தடி நீரை உறிஞ்சி லாரி லாரியாக அனுப்புகிறது. அதன் வாசலில் ஒருவரும் கூட்டம் போடவில்லை. கணவனை இழந்த பெண் ஒருத்தி அகப்பட்டால் போதும், மழை தரும் காற்றையும் கடலையும் பற்றிப் பள்ளியில் படித்தது அத்தனையும் மறந்துவிடுகிறது.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். விரட்ட வருகிறவர்கள் இருபது பேர். வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள். வாதாட வேண்டாம், கைகலப்பு வேண்டாம். அக்கா வீட்டு வாசலை அடைத்து எங்களோடு நில்லுங்கள்.