பொட்டு வைத்த பிஸ்டல்

வீரய்யா சூசைரட்ணத்துக்குப் பத்தாயிரம் ரூபா கடன்பட்டிருந்தார். கந்தப்பளையில் இது தெரியாத ஆள் கிடையாது. தெரியாதவருக்கும் சூசைரட்ணமே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

முதலில் அது ஐம்பதாயிரமாக இருந்தது. தேயிலை பெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டருக்குக் கையாளாக இருந்த வீரய்யா, அந்த வேலையை உதறிவிட்டு ஒரு பழைய லொறி வாங்கப் புறப்பட்டபோது, டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த சூசைரட்ணம் எழுத்துமில்லாமல் சாட்சியுமில்லாமல் எடுத்துக் கொடுத்த காசு. வீரய்யா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதனால் என்ன குறைந்துவிட்டது? ஒரு லொறி மூன்று லொறியானது. இன்றைக்குக் கந்தப்பளை லீக்ஸும் கரட்டும் கொழும்புக்கு இறங்குகிறதென்றால் அதில் பெரும்பங்கு அவர் லொறியில்தான் இறங்குகிறது. தோட்டத் தொழிலாளரின் லயத்துக் காம்பராவில் பிறந்த மனுசன் மாடி வீடு கட்டி, மாடியில் நின்று பல் துலக்குகிறார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பிறந்த லயத்தின் தகரக் கூரை தெரியும்.

நாற்பதாயிரத்தை இரண்டே வருடத்தில் அடைத்தார். மீதிப் பத்தாயிரத்தைக் கொண்டுபோன அன்றுதான் வம்பு வந்தது.

அப்போது இருவரும் நுவரெலியாவுக்கு வெளியே இருந்த பிஸ்டல் கிளப்பில் சேர்ந்திருந்தார்கள். இராத்திரியில் கைநிறையக் காசோடு பயணம் போகிற வியாபாரி என்று வீரய்யாவுக்கும், பெரிய கடைக்காரர் என்று சூசைரட்ணத்துக்கும் லைசன்ஸ் கிடைத்திருந்தது. அந்த வருடப் போட்டியில் சூசைரட்ணம்தான் முதலாவது.

"காச வச்சுக்கடா வீரய்யா," என்றார் அவர். "போட்டியில என்னைய ஒரு தடவ ஜெயிச்சிட்டுக் குடு. அன்னைக்கு வாங்கிக்கிறேன்."

வீரய்யா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அதுதான் பிசகு. அடுத்த வருடமும் சூசைரட்ணமே ஜெயித்தார், அதற்கடுத்து வந்த வருடங்களிலும் அவரே. கல்யாண வீடோ, மாரியம்மன் திருவிழாவோ, மாதா கோயில் பெருநாளோ, எங்கே கண்டாலும் "இவரு வீரய்யா, நம்ம கடன்காரரு" என்றுதான் அறிமுகம். வீரய்யாவின் மகளைப் பெண்பார்க்க வந்தவர்கள் முன்னாலும் அப்படியே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். வீரய்யாவும் சிரித்தார். ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அறுபத்தைந்து தாண்டியதும் கண் காலை வாரிவிட்டது. தூரத்தில் சுட வேண்டிய வட்டம் தெரிந்தால் பிஸ்டல் நுனியிலிருக்கும் முன்குறி மங்கும். மூக்குக்கண்ணாடி போட்டால் குறி தெரியும், வட்டம் பனிக்குள் போய்விடும். இப்படியே போனால் கடன்காரனாகவே கண்ணை மூட வேண்டியதுதான் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கிளப்பில் போட்டி நடத்துகிற சுதாகரன்தான் வழி சொன்னார். "ரெட் டொட் பூட்டுங்க மாமா. பிஸ்டலுக்கு மேல வைக்கிற சின்னக் கண்ணாடி. உள்ள ஒரு செவப்புப் புள்ளி தெரியும். அத ஒருக்கா சரியா திருத்திட்டீங்கன்னா புள்ளி நிக்கிற எடத்துல குண்டு விழும். முன்குறி பின்குறின்னு ரெண்டையும் கோக்குற வேல இல்ல. அறுவது தாண்டுனவங்க வைக்கலாம்னு நம்ம சட்டத்துலயே இருக்கு."

விலை ஒன்றேகால் லட்சம். வீரய்யா வாங்கிவிட்டார். அவர் மனைவி மீனம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்தாயிரம் கடன அடைக்க ஒன்னேகா லட்சமா. நல்லாத்தான் யாவாரம் பண்றீங்க."

"இது யாவாரம் இல்ல."

"தெரியுது. யாவாரமா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பீங்க."

பூட்டுகிற வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வருமா? கொழுந்து உருட்டுகிற ரோலர் மெஷினையே கழற்றிப் பூட்டிய கை அது. மேசையில் துணி விரித்துப் பிஸ்டலை வைத்தார். குண்டு நிரப்பும் மெகசினைக் கழற்றித் தள்ளி வைத்தார். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே குண்டு இல்லையென்று கண்ணாலும் பார்த்தார், சுண்டுவிரலாலும் பார்த்தார். பழைய பின்குறியைப் பக்கவாட்டில் தட்டிக் கழற்றி, அந்தப் பள்ளத்தில் ஒரு தகட்டை ஏற்றி, தகட்டின்மேல் கண்ணாடியை வைத்து, இரண்டு சின்ன ஸ்குரூ ஆணிகளால் இறுக்கினார். இறுக்குமுன் மரையில் கிரீஸ் தடவினார். தேயிலை பெக்டரியில் கிரீஸ் படாத ஆணி கிடையாது. கொழுந்துச் சாறும் பனியீரமும் பட்டால் ஆணி துருவேறிக் கடித்துக்கொள்ளும், அடுத்த தடவை கழற்ற வராது. அந்த விரல்கள் யாரையும் கேட்காமல் கிரீஸைத் தேடிப் போயின.

கிளப்பில் முதல் மெகசின் சுட்டபோது குண்டுகள் இடப்பக்கம் விழுந்தன. கண்ணாடியின் விலாவில் இருந்த திருகைக் கொஞ்சம் திருப்பினார். வட்டத்துக்குள் வந்தது. வீரய்யா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த மெகசினைப் போட்டார். குண்டுகள் மேலே போயின. மறுபடி திருப்பினார். இந்தத் தடவை வலப்பக்கம். பின்னால் வாங்குப் பலகையில் சூசைரட்ணம் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா வீரய்யா, துவக்குக்குப் பொட்டு வச்சுக் கூட்டிட்டு வந்திருக்க. பொண்ணு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குதே."

"இன்னும் பழகலண்ணே."

"பழகிரும். கடனுக்கு நீ பழகலயா."

வாங்கு முழுக்கச் சிரித்தது. வீரய்யா பிஸ்டலைக் காலி செய்துவிட்டுக் கண்ணாடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். விழப்போகிற பல்லைப் போல ஆடியது. சூசைரட்ணம் பிளேன்டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஓர் ஆணியைக் கழற்றி, விரலில் தேய்த்து, முகர்ந்தார்.

"கிரீஸ் போட்டியா?"

"பின்ன?"

"இது என்ன ரோலர் மெஷினாடா? ஒவ்வொரு வெடிக்கும் மேல்பாகம் பின்னால ஓடி இடிக்குது. கிரீஸ் போட்ட ஆணி வழுக்கிக் கழண்டுரும். ஸ்பிரிட்ல கழுவிக் காய வையி. மரையில நீலக் கம் ஒரு சொட்டு விட்டு இறுக்கு. அது புடிச்சா அசையாது, கழட்டணும்னா கழட்டவும் வரும். கடைக்கு வா, தாரேன்."

மறுநாள் இரும்புக்கடையில் சின்னக் கம் போத்தல் கைக்கு வந்தது. வீரய்யா பர்ஸை எடுத்தார்.

"எண்ணூத்தம்பது. உள்ள வையி, கணக்குல சேத்துக்கிறேன்," என்றார் சூசைரட்ணம். "பத்தாயிரத்து எண்ணூத்தம்பது."

"எதுக்குண்ணே எனக்குச் சொல்லிக் குடுக்குறீங்க?"

"ஆடுற துவக்கோட வந்து நீ தோத்தா எனக்கு என்னடா மதிப்பு?"

கண்ணாடி இறுகி நின்றது. இப்போது வேறு தொல்லை. பிஸ்டலைத் தூக்கினால் உள்ளே புள்ளியையே காணோம். மணிக்கட்டை அப்படியும் இப்படியும் வளைத்துத் தேடினார். ஒற்றைக் கண்ணை மூடுவது இத்தனை வருடப் பழக்கம். அதை முதலில் விட்டார். குண்டுகளை அலுமாரியில் பூட்டிவிட்டு, காலிப் பிஸ்டலோடு மாடி அறையில் நின்று, சுவரில் ஒட்டிய காகித வட்டத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தபடி தூக்கினார், இறக்கினார். தினமும் அதே வேலை. தேடினால் புள்ளி ஓடி ஒளிந்தது. கண்ணை வட்டத்தில் வைத்துவிட்டுச் சும்மா தூக்கினால் தானாக வந்து உட்கார்ந்தது. ஆனால் வந்த புள்ளி வட்டத்தையே விழுங்கியது.

தேத்தண்ணீர் கொண்டுவந்த மீனம்மா அவர் தோளருகே குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். "என்னங்க இது, பொட்டா, தீப்பந்தமா? இம்புட்டுப் பெருசா எரிஞ்சா பின்னால உள்ளது எங்க தெரியும்? பொட்டு சின்னதா வச்சாத்தான் மொகம் தெரியும்."

வீரய்யா புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்தார். புள்ளி சுருங்கி மிளகாக நின்றது, சுற்றிலும் வட்டம் தெளிந்தது. இந்த யோசனை தன்னுடையது என்றுதான் பிறகு கிளப்பில் சொல்லிக்கொண்டார். பாதி உண்மைதான், குறைத்தது அவர் விரல்தானே.

போட்டியன்று பனி இறங்கியிருந்தது. மீனம்மாவும் கூட வந்திருந்தாள். லொறிக் கண்ணாடிக்குச் செய்கிற மாதிரி, சவர்க்காரத்தைத் துணியில் தொட்டுப் பிஸ்டல் கண்ணாடியில் மெல்லத் தடவித் துடைத்துக்கொண்டார். பனி ஒட்டவில்லை. சூசைரட்ணம் முதலில் சுட்டார். இருநூறுக்கு நூற்றெழுபத்தொன்பது. அந்த வயதில் வெறும் குறியோடு அப்படிச் சுட மலைநாட்டில் வேறு ஆள் இல்லை.

"பொட்டு கலையாம பாத்துக்க, கடன்காரரே," என்று சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்தார்.

வீரய்யா தூக்கினார். வட்டம், புள்ளி, வெடி. மறுபடி வட்டம், புள்ளி, வெடி. கடைசிக் குண்டுக்குப் புள்ளி நடுங்கியது. அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் ஆசையை விழுங்கினார். நடுங்கட்டும், வட்டத்துக்குள்தானே நடுங்குகிறது என்று வட்டத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாக அழுத்தினார்.

சுதாகரன் காகிதத்தை இரண்டு தடவை எண்ணினார். "வீரய்யா மாமா, நூத்தியெம்பத்திரெண்டு."

சூசைரட்ணம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"சரி. இனிமே ஒன்னைய என்னான்னுடா கூப்புடுறது?"

"மொதலாளின்னு கூப்புடுங்கண்ணே. ஒங்க வாயால கேக்கணும்னு ரொம்ப நாள் ஆச."

சூசைரட்ணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "குடுடா மொதலாளி," என்று வலது கையை நீட்டி விரித்தார்.

மீனம்மா கைப்பையைத் திறந்து காசை வீரய்யாவிடம் கொடுத்தாள். காலையில் வரும்போதே கொண்டுவந்திருந்தாள், ஒரு வார்த்தை சொல்லாமல். வீரய்யா கிளப் முழுக்கக் கேட்கும்படி எண்ணினார். ஆயிரம் ரூபா நோட்டுகள் ஒவ்வொன்றாக அந்தக் கைக்குப் போயின. பத்தாவது நோட்டுக்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. "இது கம்முக்கு," என்று நூறு ரூபா நோட்டுகளை எண்ணினார். கடைசி ஐம்பது ரூபாவை விரிந்த உள்ளங்கையின் நடுவில் வைத்து, பொட்டு வைப்பதைப் போலக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.