நான்கு நிமிடப் படம்

யுகேந்திரன் கதை கட்டுகிற ஆள் இல்லை. தூண்டிலில் தப்பிய மீனைக்கூட விரலளவுதான் என்பான். அதனால்தான் ஜொகூர் மாநிலத்துக் காஹாங் செம்பனைத் தோட்டத்தில் அவனுக்கு நடந்ததை நான் அப்படியே நம்புகிறேன்.

அவனுக்கு ஃபிலிம் கேமரா பைத்தியம். விடிந்ததும், பனிமூட்டம் கலைவதற்குள் செம்பனை நிரைகளைப் படமெடுக்க வேண்டுமென்று ஏழு மாதக் கர்ப்பிணி மனைவி லோஷினியையும் கூட்டிக்கொண்டு போனான். செம்மண் பாதையில் காரை நிறுத்தினான். லோஷினி தோட்டத்தில் வளர்ந்தவள். அவன் இறங்கும்போது ஒன்றுதான் சொன்னாள்.

“உள்ள யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டா வாயத் தொறக்காதீங்க. நான் கூப்பிடணும்னா ஹார்ன்தான் அடிப்பேன்.”

சிரித்துக்கொண்டே போனான். நேர்க்கோடாக ஒரே நிரை. திரும்பினால் கார் தெரிந்தது. டிரைபாட்டின் மூன்று கால்களையும் ஈரமண்ணில் ஊன்றினான். லென்ஸில் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை நான்கு நிமிடத்துக்குத் திறந்து வைத்தான். அவ்வளவு நேரம் திறந்திருந்தால் நடமாடுவது எதுவும் படத்தில் விழாது. அசையாமல் நிற்பதுதான் விழும்.

கேமராவுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். பறவைச் சத்தம் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தான்.

“ஏங்க...”

லோஷினியின் குரல். அவள் ஒருநாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை, கூப்பிடுவதே இப்படித்தான். பெயர் சொல்லவில்லையே என்று வாய் முந்திக்கொண்டது.

“இங்கதான் இருக்கேன்.”

குரல் வந்தது முன்னாலிருந்து. கார் நிற்பதோ பின்னால்.

அப்போதும் படத்தைப் பாதியில் விட அந்தப் பைத்தியத்துக்கு மனம் வரவில்லை. எண்ணி முடித்து, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.

நடந்தான்... கார் வரவில்லை. காலடியில் மூன்று குழிகள். டிரைபாட் ஊன்றிய இடம்.

ஹார்ன் கேட்டது. பின்னாலிருந்து. திரும்பி ஓடினான்.

மறுபடியும் மூன்று குழிகள். மறுபடியும் ஹார்ன்... முதுகுக்குப் பின்னால்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால்தான்.

அவள் அங்கே தனியாக... வயிற்றுப் பிள்ளையோடு. அவனுக்கு அழுகை வந்தது.

ஹார்ன் விடாமல் அலறியது. இந்த முறை அவன் திரும்பவில்லை. அப்படியே பின்னுக்கு நடந்தான். சத்தம் நெருங்கியது. இன்னும்... இன்னும்...

முதுகில் கார் இடித்தது.

லோஷினி கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் வாயே திறக்கவில்லை என்றாள்.

இருவரும் அதை மறக்கப் பார்த்தார்கள். சில வாரம் கழித்து, ஜொகூர் பாருவில் கழுவக் கொடுத்த படம் வந்தது. அருமையாக விழுந்திருந்தது. பனி, நிரை... நிரையின் நடுவே ஓர் ஆள். சட்டைப் பொத்தான்வரை தெளிவு. பதில் சொல்கிறவனைப் போல வாய் திறந்திருந்தது.

யுகேந்திரன்தான்.

நான்கு நிமிடமும் அங்கே அசையாமல் நின்றிருக்கிறான்.

லோஷினி படத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

“அப்ப... என்கூட வீட்டுக்கு வந்தது யாரு?”